நேஃப் என்றால் மச்சானா, அண்ணனா?

கண்ணு,

போனில் சொன்னால் பாதியிலேயே நீ குறுக்கே பேசுவாய், நான் அதற்கு மேலே பேசுவேன், கடைசியில் இரண்டு பேரும் அழுதுவிட்டு வைப்போம். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். கடையில் இன்றைக்குக் கூட்டம் இல்லை. மழை பிடித்துக்கொண்டது. ஏரியில் படகு விடுவதை நிறுத்திவிட்டார்கள். வாசலூர்பட்டி வரைக்கும் வந்த நாலைந்து காரும் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு திரும்பிவிட்டன. அடுப்பில் பால் காய்கிறது. உன் அப்பா மிளகுக் கொடியைப் பார்க்கப் போயிருக்கிறார். மழை என்றால் அவருக்குக் கொடி நினைப்புத்தான், பெண்டாட்டி நனைகிறாளா என்ற நினைப்பெல்லாம் கிடையாது.

நீ கேட்டது ஒரே கேள்வி. வருகிற தை மாதம் உனக்கும் செல்வனுக்கும் உறுதி வார்த்தை பேச வேண்டும் என்று உன் மாமா சொல்லி வைத்திருக்கிறாரே, அதற்கு நான் என்ன சொல்கிறேன் என்று கேட்டாய். பதில் இந்தக் கடிதத்தில் இருக்கிறது. நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போகாதே. சின்ன வயதில் கதைப் புத்தகத்தை நீ அப்படித்தான் படிப்பாய், எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆடி நோம்பி அன்றைக்கு நடந்ததில் பாதிதான் உனக்குத் தெரியும். உன் மாமா பெரக்கரை நாட்டிலிருந்து மலை ரோட்டில் குடும்பத்தோடு வந்திருந்தார். எனக்குக் கூடப் பிறந்தவர் அவர் ஒருவர்தான், அவர் வந்து நம் வீட்டில் உட்கார்ந்தால்தான் எனக்கு அது நோம்பி. இலை போட்டுக் கறிச்சோறு பரிமாறிக்கொண்டிருந்தேன். அவர் மகன் செல்வன் போனைப் பிடித்து உன்னை ஒவ்வொருவருக்கும் காட்டினான். நீ மாமாவிடம் பேசினாய், அத்தையிடம் பேசினாய். பிறகு அவன் போனைத் தன் பக்கம் திருப்பினான். நீ முகமெல்லாம் சிரிப்பாக, "செல்வண்ணா, நல்லா இருக்கீங்களா?" என்றாய்.

அங்கே உனக்குத் தெரிந்தது செல்வன் முகம் மட்டும். இங்கே என் கையில் குழம்புக் கரண்டி அப்படியே நின்றுவிட்டது. மாமன் மகனை யாராவது அண்ணா என்பார்களா? பிறந்த நாளிலிருந்து இவளுக்கு இவன் என்று சொல்லி வைத்த மச்சானை, எல்லோர் முன்னாலும் ஒரே வார்த்தையில் உடன்பிறந்தான் ஆக்கிவிட்டாய். உன் மாமா இலையை மடித்தார். சோறு பாதி இருந்தது, கறி தொடவே இல்லை. கை கழுவிவிட்டு வந்து, மழைக்கு முன்னால் கிளம்புகிறோம் என்றார். வானம் அன்றைக்கு வெளுத்துக் கிடந்தது. அதற்குப் பிறகு அவர் நம் வீட்டு வாசல் மிதிக்கவில்லை.

மறுநாள் நான் உன்னைத் திட்டியது உனக்கு ஞாபகம் இருக்கும். அங்கே போய் முறை தெரியாத ஜென்மமாகிவிட்டாயா என்று கூடக் கேட்டேன். நீ பொறுமையாகச் சொன்னாய். வேண்டுமென்று சொல்லவில்லை அம்மா, டச்சு வகுப்பில் குடும்பத்தைப் படமாக வரையச் சொன்னார்கள், பெரியப்பா மகனுக்கும் நேஃப் என்று எழுதினேன், செல்வனுக்கும் நேஃப் என்றே எழுதினேன், இரண்டு பெட்டியிலும் ஒரே சொல்லை எழுதி எழுதி, பெரியப்பா மகனைக் கூப்பிடுகிற மாதிரியே நாக்கில் வந்துவிட்டது என்றாய். எனக்குக் கோபம் அப்படியே நின்று, வேறு ஏதோ அரிக்க ஆரம்பித்தது. கட்டிக்கொள்கிற முறையில் இருப்பவனுக்கும் கட்டிக்கொள்ளவே கூடாத முறையில் இருப்பவனுக்கும் ஒரே பெயரா? அப்படியென்றால் அந்த ஊரில் எப்படி ஒரு வீட்டில் நோம்பி கொண்டாடுவார்கள், யார் யாருக்குப் பரிமாறுவது, யார் யாரைக் கேலி பேசுவது? உன்னை விடாமல் நச்சரித்து, ஒவ்வொரு சொல்லாகக் குரலில் பதிந்து அனுப்பச் சொன்னேன். நீ உருளைக்கிழங்கில் மாவு எடுக்கிற உன் பாக்டரியில் சாப்பாட்டு இடைவேளையில் உட்கார்ந்து அனுப்பினாய். நான் இங்கே டீ ஆற்றிக்கொண்டே கேட்டேன்.

சிரித்துச் சிரித்து ஒரு நாள் பாலைப் பொங்கவிட்டேன். அப்பாவின் தம்பியானாலும் ஓம், அம்மாவின் அண்ணனானாலும் ஓம். மாமாவைக் கூப்பிட்டால் மந்திரம் சொன்ன புண்ணியமும் சேர்ந்து வந்துவிடுகிறது. மகளுக்கு அவர்கள் சொல்வது அப்படியே டாக்டர் மாதிரி காதில் விழுகிறது, இங்கே மகளை டாக்டராக்க முடியாதவர்கள் எல்லாம் அங்கே குடியேறிவிடலாம். அம்மாவுக்கு மூடராம். பெற்று வளர்த்துப் படிக்க வைத்து விமானம் ஏற்றி அனுப்பினால் கடைசியில் மூடர். உன் அப்பாவிடம் சொன்னேன், அந்த ஊர்க்காரர்கள் விவரமானவர்கள்தான் என்றார். அன்றைக்கு அவருக்கு இரண்டாவது டீ கிடைக்கவில்லை.

அண்ணனா தம்பியா என்று அவர்கள் சொல்லில் தெரியாது, அக்காளா தங்கையா என்றும் தெரியாது. அதெல்லாம் போகட்டும் என்று விட்டேன். கல்யாணத்தால் வந்த சொந்தத்தைக் 'குளிர்ந்த பக்கம்' என்று பேச்சில் சொல்வார்கள் என்றாயே, அங்கேதான் நான் நின்றுவிட்டேன். சம்பந்தி, மாமனார், மச்சினன் எல்லாம் குளிர்ந்த பக்கமாம். நமக்கு அப்படியே தலைகீழ். நமக்குக் குளிர் என்றால் அது பங்காளிப் பக்கம்தான். வரப்பு எங்கே, பலா மரம் யாருடையது என்று பேசாமல் பங்காளி வீட்டில் ஒரு வாய் காப்பி குடிக்க முடியுமா? கொடுத்து எடுத்த பக்கம்தான் நமக்குச் சூடு. உன் காதுகுத்துக்கு மாமாவின் மடிதான் இருந்தது, உனக்குக் காய்ச்சல் கண்டபோது உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தவர் அவர்தான். குடும்பத்துக்கு அங்கே இரண்டு சொல் உண்டாம். அப்படிப்பட்டவரை வீட்டோடு இருப்பவர்களுக்கான சொல்லில் சேர்க்க மாட்டார்கள், வெளியே இருக்கிற சொந்தத்துக்கான சொல்லில்தான் சேர்ப்பார்கள் என்று நீ சொன்னபோது எனக்குக் கொஞ்சம் வலித்தது.

வகுப்பில் நடந்ததை நீ தயங்கித் தயங்கிச் சொன்னாய். ஒரு வாக்கியம் சொல்லுங்கள் என்று டீச்சர் கேட்க, நீ எழுந்து, "நான் என் நேஃபைக் கட்டிக்கொள்ளப் போகிறேன்" என்று டச்சில் சொல்லியிருக்கிறாய். வகுப்பில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்களாம். டீச்சர் மெதுவாக, வேறு சொல் ஏதாவது சொல்ல நினைத்தாயா என்று கேட்டிருக்கிறார். அப்போது பக்கத்தில் இருந்த மொராக்கோ நாட்டுப் பெண் உனக்கு ஆதரவாக, எங்கள் ஊரிலும் நேஃபைக் கட்டுவார்கள், என் அப்பாவின் அண்ணன் மகனைத்தான் என் அக்கா கட்டியிருக்கிறாள் என்றாளாம். சிவ சிவா! பெரியப்பா மகனையா? உனக்கும் அப்படித்தான் தூக்கிப்போட்டது என்றாய். நீ ஒருவரைப் பார்த்து முகம் சுளித்த அதே நேரத்தில் உன்னைப் பார்த்து ஒரு வகுப்பே முகம் சுளித்திருக்கிறது. ஒரே சொல்லை வைத்துக்கொண்டு மூன்று ஊர்க்காரர்கள் மூன்று ஆளை நினைத்திருக்கிறீர்கள். அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியில், செல்வனைக் கல்யாணம் செய்துகொள்வதாக உன்னால் மனசுக்குள் கூடச் சொல்லிப் பார்க்க முடியவில்லை என்றாய். அந்த டீச்சருக்காக இல்லை அம்மா, ரொம்ப நாளாகவே முடியவில்லை, இன்றைக்குத்தான் தெரிந்தது என்றாய்.

என் நிலைமை உனக்குத் தெரியும். நான் உன் அப்பாவைக் கட்டியது முறையில்தான். அவர் என் அத்தை மகன். நான் பாவாடை கட்டிய நாளிலிருந்து எனக்கு அவர் மச்சான், அவருக்கு நான் மாமன் மகள். எனக்கு மாமியார் என்று ஒருத்தி புதிதாக வரவில்லை, அத்தை அத்தையாகவே இருந்தாள். இன்றைக்கும் கோபம் வந்தால் உன் அப்பா என்னை "மாமன் மவளே" என்பார், சந்தோஷம் வந்தாலும் அதையேதான் சொல்வார், குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். எனக்கு ஒரு குறையும் இல்லை. எனக்கு இனித்தது உனக்கு ஏன் கசக்கிறது என்று நான் யோசித்தது உன்மேல் கோபத்தால் இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான்.

யோசித்தால் எனக்கு நீயும் செல்வனும் மிளகு பறிக்கிற காலத்தில் ஏணியடியில் உட்கார்ந்திருப்பதுதான் நினைவுக்கு வருகிறது. லீவு விட்டால் அவன் இங்கே இருப்பான், இல்லாவிட்டால் நீ அங்கே இருப்பாய். பலாப்பழத்துப் பாலை உன் தலையில் தடவிவிட்டு அவன் ஓட, எண்ணெய் போட்டுப் போட்டுச் சீவி எனக்குக் கை வலித்தது. நீ அவனைக் கடித்த தழும்பு இன்னும் அவன் முழங்கையில் இருக்கிறது. அவனைச் செல்வா, வாடா, போடா என்றுதான் கூப்பிடுவாய். பிறகு நீ பெரியவளானாய். தெரட்டிச் சீர் வைத்தோம். மாமா தட்டு தட்டாகச் சீர் கொண்டுவந்தார். வந்த பெண்களெல்லாம் செல்வனை இழுத்து உன் பக்கத்தில் நிறுத்தி, மச்சானுக்கு ஒரு வாய் ஊட்டிவிடு என்றார்கள். நானும் சிரித்துக்கொண்டுதான் நின்றேன். நீ தலையைக் குனிந்தாய். நாங்கள் வெட்கம் என்று நினைத்தோம். அதற்குப் பிறகு அவன் வந்தால் நீ உள்ளறைக்குப் போய்விடுவாய். வாடா போடா நின்றது, செல்வா நின்றது. மச்சான் என்று ஒரு நாளும் உன் வாயில் வரவில்லை. எந்தப் பெயரும் சொல்லாமலே இத்தனை வருஷம் ஓட்டிவிட்டாய். உன் கூட்டாளியை நாங்கள் உன்னிடமிருந்து எடுத்து, மாப்பிள்ளையாக்கித் திருப்பிக் கொடுத்திருக்கிறோம். அப்போது அது தெரியவில்லை.

இனிமேல் சொல்வது உனக்குத் தெரியாதது. போன வாரம் செல்வன், சுற்றுலா வருகிறவர்களை ஏற்றுகிற தன் ஜீப்பில் வெளிநாட்டுக்காரர்கள் இரண்டு பேரைக் கடைக்குக் கூட்டிவந்தான். வயதான ஓர் அம்மா, வயதான ஓர் ஐயா. புருஷன் பெண்டாட்டி என்று நினைத்துத்தான் ஒரே பெஞ்சில் உட்கார வைத்தேன். வாழைக்காய் பஜ்ஜியும் டீயும் வைத்தேன். அவர்கள் தங்களுக்குள் பேசியபோது தொண்டைக்குள்ளிருந்து காறுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. நீ அனுப்பிய பதிவில் கேட்ட அதே சத்தம். எனக்குக் கை துறுதுறுத்தது. சரியாகத்தான் பிடித்தேனா என்று பார்க்க, என் வாயில் நன்றாக நுழைகிற சொல்லாகப் பார்த்து, அந்த ஐயா பக்கம் கையைக் காட்டி "நேஃப்?" என்றேன்.

அந்த அம்மா கையில் இருந்த பஜ்ஜியை வைத்துவிட்டார். கண் இரண்டும் பெரிதாகி, "யா, யா, நேஃப்!" என்று அந்த ஐயாவின் தோளைத் தட்டினார். நான் டச்சுக்காரர்களா என்றுதான் கேட்டேன், உண்மையிலேயே அவர் இவருக்கு நேஃப்பாகப் போய்விட்டார். எனக்கு எப்படித் தெரிந்தது என்று அவர்களுக்கு ஆச்சரியம். எனக்கு ஜோசியம் தெரியும் என்று சொல்லச் சொன்னேன், செல்வன் சொல்லவில்லை. அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தச் சொல்லால் என்ன ஆயிற்று என்று அவனுக்கு முன்பே சொல்லியிருந்தேன்.

எந்த வழியில் நேஃப் என்று கேட்கச் சொன்னேன். செல்வன் தன் ஜீப் இங்கிலீஷில் கேட்டான். இரண்டு பேரும் யோசித்தார்கள். நம்பு, யோசித்துத்தான் சொன்னார்கள். அந்த அம்மாவின் அப்பாவும் இந்த ஐயாவின் அம்மாவும் கூடப் பிறந்தவர்கள். அத்தை மகன்! பச்சையான முறைப்பையன்! நானும் உன் அப்பாவும் போலவே. தலை நரைக்கிற வரைக்கும் அந்த வழியைப் பற்றி அவர்கள் நினைத்ததே இல்லை. இவரைக் கட்டியிருக்கலாமே என்று செல்வன் கேட்டான், நான் கேட்கச் சொல்லவில்லை, அவனாகவே கேட்டான். அந்த அம்மா சிரித்த சிரிப்பில் புரை ஏறி, நான் தண்ணீர் கொண்டுவந்தேன். சின்னதில் ஒரே தொட்டியில் குளித்தவர்களாம். இவர் சோப்பைத் தின்றவராம். இவரைப் போய் யார் கட்டுவார் என்றாராம்.

எனக்கு ஆறவில்லை. கட்டிக்கொள்கிற உரிமை இல்லை, சரி. உடன்பிறந்தானுக்கு இருக்கிற கடமையாவது உண்டா, சீர் செனத்தி ஏதாவது செய்ய வேண்டுமா என்று கேட்கச் சொன்னேன். ஒன்றும் இல்லையாம். அந்த அம்மாவின் புருஷன் இறந்து கொஞ்ச காலம் ஆகிறது. மிளகு காய்க்கிற இடத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஆசை, தனியாக வரப் பயம். பிறகு எதற்குத்தான் இவர் இவ்வளவு தூரம் கூட வந்தார் என்று கேட்டேன். செல்வன் கேட்டான். அந்த ஐயா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே ஏதோ சின்னதாகச் சொன்னார். செல்வன் உடனே தமிழில் சொல்லவில்லை. நான் இரண்டாவது தடவை கேட்ட பிறகு, "'அவ கூப்பிட்டா, வந்தேன்'ங்கறாருங்கத்தை" என்றான்.

அவர்களை லாட்ஜில் இறக்கிவிட்டு அவன் தனியாகத் திரும்பி வந்தான். டீ கேட்டான். கொடுத்தேன். குடிக்காமல் டம்ளரைச் சுற்றிக்கொண்டே இருந்தான். மருமகனே, என்ன சாமி என்றேன். அவன் சொன்னதை ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதுகிறேன், அது உனக்குச் சேர வேண்டியது.

"எனக்கு ஆசை இருந்துச்சுங்கத்தை. இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா அன்னைக்கு அண்ணான்னு கூப்பிட்டு எம்பட மூஞ்சியப் பார்த்துச் சிரிச்சா பாருங்க, தெரட்டிக்குப் பொறவு அவ என்னைப் பார்த்துச் சிரிச்சது அன்னைக்குத்தானுங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அடுப்புப் புகை என்று சொல்லிக்கொண்டேன். கேஸ் அடுப்பில் ஏது புகை என்று அவனும் கேட்கவில்லை.

அவன் போன பிறகு பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. நம் பாஷையில் எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பெயர் இருக்கிறது, அவர்கள்தான் எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டு வைத்திருக்கிறார்கள் என்று இத்தனை நாள் பெருமையாக நினைத்தேன். செல்வனை நான் என்னவென்று கூப்பிட்டேன்? மருமகனே என்று. அவன் பிறந்து உன் அத்தை மடியில் கிடந்தபோதே என் மருமகன் என்றுதான் தூக்கினேன். அண்ணன் மகனும் மருமகன், மகளைக் கட்டுகிறவனும் மருமகன். அவர்களிடம் இதற்கு இரண்டு சொல் இருக்கிறது. அண்ணன் மகனும் அவர்களுக்கு நேஃப்தான், மகளைக் கட்டுகிறவனுக்கு வேறு சொல், மகனுக்கு முன்னால் அழகோ சுத்தமோ ஏதோ ஒன்றைச் சேர்த்துச் சொல்வார்கள் என்று நீ அனுப்பியிருந்தாய். அங்கே இரண்டாக இருப்பது இங்கே ஒன்றாக இருக்கிறது. அந்த ஒரு சொல்லை நாங்கள் சொல்லிச் சொல்லியே, நீ வாயைத் திறப்பதற்கு முன்னால் உன் கல்யாணத்தை முடித்து வைத்துவிட்டோம். எனக்கு முறையில் கிடைத்தவரை எனக்குப் பிடித்தும் இருந்தது. அந்த அதிர்ஷ்டத்தை நான் சட்டம் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாளே பஸ் ஏறி மாமா வீட்டுக்குப் போனேன். உன் அப்பா, நானும் வரட்டுமா என்றார். வேண்டாம், இது எங்கள் அண்ணன் தங்கச்சி பஞ்சாயத்து என்று சொல்லிவிட்டேன். மாமா குச்சிக்கிழங்குக் காட்டில் இருந்தார். என்னைப் பார்த்ததும் வா என்றார், உட்கார் என்று சொல்லவில்லை. நானாகவே ஒரு கல்லில் உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல், பிள்ளைக்கு விருப்பம் இல்லை, தை மாதப் பேச்சை விட்டுவிடலாம் என்று சொன்னேன். அவர் கிழங்கைப் பிடுங்கிக்கொண்டே இருந்தார். பிறகு, அண்ணா என்று கூப்பிட்டு அவமானப்படுத்தி அனுப்பினாளே என்றார்.

"நானும் உங்களை அண்ணான்னுதானுங்க கூப்பிடறேன்," என்றேன். "அது வசவுங்களா?"

அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். அப்போது அவர் சொன்னதுதான் உள்ளே கிடந்த விஷயம். அப்பாவும் அம்மாவும் போய்விட்டார்கள், உனக்கும் எனக்கும் நடுவே இருப்பது இந்தப் பிள்ளைகள்தான், கொடுத்து எடுத்தால்தான் அடுத்த தலைமுறைக்கும் போக்குவரத்து இருக்கும் என்று நினைத்தேன் என்றார். அவர் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை. "இனி எதுக்கு அம்மிணி நான் உன்ர ஊட்டுக்கு வாரது?"

அந்த ஐயா கண்ணாடியைத் துடைத்தது எனக்கு ஞாபகம் வந்தது.

"நான் கூப்பிட்டா வாரதுக்குங்க," என்றேன். "செல்வன் பொறந்தப்பவே எனக்கு மருமகன். எம்மகளக் கட்டித்தான் அவன் மருமகன் ஆகோணுமா?"

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். வேர்வையா என்னவோ, நான் பார்க்கவில்லை, வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். பிறகு இருந்தாற்போலிருந்து, அந்த ஊரில் தாய்மாமனை எப்படிக் கூப்பிடுவார்கள் என்று கேட்டார். ஓம் என்றேன். சித்தப்பாவை என்று கேட்டார். அவரும் ஓம்தான் என்றேன். அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவள் சித்தப்பனும் நானும் ஒன்றா, அந்த ஆள் அவள் காதுகுத்துக்கு ஒரு பிடி கடலையாவது வாங்கி வந்திருப்பானா என்று கிழங்கையெல்லாம் மூட்டையில் வீசி வீசிப் போட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் சிரித்ததைப் பார்த்து அவருக்கும் கொஞ்சம் வந்தது. பழைய மாமா ஓரமாக எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

இவ்வளவும் நடந்தது என்பதால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதே. உன் அத்தை என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள், நீ அங்கே இருப்பாய், கேட்கப்போவது நான்தான். செல்வனுக்கு வேறு இடம் பார்க்கும்போது, அத்தை மகள் ஏன் வேண்டாம் என்றாள் என்று கேட்பார்கள். அவனுக்கு வலிக்கும். அதை நீ லேசாக எடுத்துக்கொண்டால் எனக்குக் கெட்ட கோபம் வரும். அவனிடம் நீயே பேசு. மச்சான் வேண்டாம், அண்ணாவும் வேண்டாம். பழையபடி செல்வா என்று கூப்பிடு, வாடா போடா என்றாலும் தப்பில்லை. அதற்கு நம் பாஷையில் பெயர் இல்லை என்றால், நேஃப் என்று ஒரு பெயரை நீ வைத்துக்கொள். இந்தக் கடிதத்தை அவன்தான் போட்டோ பிடித்து உனக்கு அனுப்பப் போகிறான். படிக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறான். படித்தாலும் பரவாயில்லை.

தை மாதம் உறுதி வார்த்தை கிடையாது. லீவு கிடைத்தால் வா, சும்மா வா. பிறகு யாரைக் கட்டுகிறாய், எப்போது கட்டுகிறாய் என்பதை நீ சொல், நான் கேட்கிறேன். கேட்டுவிட்டுச் சண்டையும் போடுவேன், அது என் உரிமை, அதை எந்த பாஷையும் எடுத்துவிட முடியாது.

இன்னும் ஒன்று. அன்றைக்கு மாமா என்னை ரோடு வரைக்கும் கொண்டுவந்து விட்டார். கிழங்குப் பையை அவரே தூக்கி வந்தார். பஸ் வந்தது, ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். வண்டி எடுக்கும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "அவ எவனக் கட்டுனாலும், மாமன் இல்லாம மணையில உக்கார முடியாது. நீ கூப்பிட்டா வர மாட்டேன். அவளே கூப்பிடட்டும். கூப்பிட்டா வாரேன்."

கூப்பிடு, கண்ணு.

உன் மூடர்